பட்டை எவ்வளவு மீதி இருக்கிறது?

பத்தொன்பதாம் நாள் இரவு ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் நின்றது. நாற்பது நிமிடம்தான். மறுநாள் காலை நான் கதவைத் திறந்தபோது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கணினி தானாக உயிர்பெற்றிருந்தது. மின்சாரம் திரும்பியதும் ஓட்டத்தைத் தொடரும்படி நான் எழுதிவைத்திருந்த கட்டளையைக் கருவி தவறாமல் நிறைவேற்றியிருந்தது. கண்ணாடிக் கலத்தின் அடியில் மட்டும் காப்பித்தூள் போல ஒரு வண்டல் இறங்கிக் கிடந்தது.

அந்த வண்டல்தான் என் மூன்று மாத வேலை. விரல் நகம் அளவுள்ள ஒரு நிக்கல் நுரைத்தகடு. கடற்பஞ்சு போல உடம்பெல்லாம் துளை. அதன்மேல் நிக்கலும் இரும்பும் கலந்த ஹைட்ராக்சைடை மெல்லிய தோலாகப் படிய வைத்திருந்தேன். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அதை நிறுத்தி மின்சாரம் பாய்ச்சினால் தண்ணீர் பிரியும். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் ஆக்சிஜன். முதல் நாள் கலம் கேட்ட மின்னழுத்தம் 1.72 வோல்ட். பத்தொன்பதாம் நாள் மாலை 1.75. மின்வெட்டுக்குப் பிறகு 1.98. தோல் உரிந்துவிட்டது.

கையுறையைக்கூடக் கழற்றாமல் வெகுநேரம் நின்றேன். அன்று வெள்ளிக்கிழமை. குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு, மாலை பட்டர்வொர்த்தில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீடு பாடாங் செராயில். மலேசியாவில், கெடா மாநிலத்தின் தென்பகுதியில், கூலிமுக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் இடையில் இருக்கும் சிறு பட்டணம். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்கள், அதாவது ரப்பர் தோட்டங்கள். பிறகு செம்பனை வந்தது. இப்போது தாமான் என்று சொல்லும் குடியிருப்பு வீடுகள். விடியுமுன் பெரட்டுக்கு, தோட்டத்தின் காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போன சனங்களின் பிள்ளைகள் அதே இருட்டில் கூலிம் தொழிற்பேட்டைக்குப் போகும் பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். என் அண்ணனும் அப்படித்தான் போகிறார். அம்மா 31 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகள் இடிபட்டு, நாங்கள் தாமானுக்கு வந்த பிறகும் அம்மாவின் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஒரு மலாய்க்காரப் பெரியவருக்கு நாற்பது மரம் இருக்கிறது. அம்மா வெட்டுவார், பாலில் பாதி அவருக்கு, பாதி நமக்கு.

அன்றிரவு சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டார்: “ஏன் பாப்பா, முகம் வாடியிருக்கிறது?”

தகடு போய்விட்டது என்றேன்.

“எத்தனை நாள் ஓடியது?”

“பத்தொன்பது.”

“எத்தனை நாள் ஓட வேண்டும்?”

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லத்தான் தயக்கம். தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கும் மின்னாற்பகுப்புக் கலங்களுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை வைத்திருக்கும் இலக்கு 80,000 மணி நேரம். நாளாகக் கணக்கிட்டால் 3,333. ஒன்பது ஆண்டுக்கு மேல். என் தகடு நின்றது 456 மணி நேரம்.

அம்மா ஒன்றும் சொல்லாமல் குழம்பை ஊற்றினார்.

மறுநாள் காலை அண்ணன் மகன் ஒரு கண்ணாடிக் குவளையோடு வந்து நின்றான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. அறிவியல் செய்முறைக்கு ஏதாவது வேண்டும் என்றான். தண்ணீரில் இரண்டு கரண்டி ஆப்பச் சோடா கலக்கச் சொன்னேன். உப்பு ஏன் போடக்கூடாது என்று கேட்டான். உப்புத் தண்ணீரில் குளோரின் வாயு கிளம்பும், வீட்டுக்குள் அது வேண்டாம் என்றேன். இரண்டு புது இரும்பாணிகளைக் கம்பியில் கட்டி, 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளோடு இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் குவளைக்குள் தொங்கவிட்டோம்.

இரண்டு ஆணியிலும் குமிழி வந்தது. எதிர்முனையில் இருந்த ஆணியைச் சுற்றிப் பால் பொங்குவது போல வெள்ளையாக, நிறைய; அது ஹைட்ரஜன். நேர்முனையில் கொஞ்சமாக வந்தது. கால் மணி நேரத்தில் நேர்முனை ஆணி பழுப்பேறத் தொடங்கியது. ஒரு மணி நேரத்தில் அதைச் சுற்றித் தண்ணீரே துருநிறமாகக் கலங்கியது. எதிர்முனை ஆணி கடையில் வாங்கியபோது இருந்ததைவிடப் பளபளப்பாக இருந்தது. பையன் இரண்டையும் வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

“அத்தை, இரண்டும் ஒரே பெட்டியில் இருந்த ஆணிதானே?”

கரியமில வாயு வெளிவராமல் செய்யும் தூய ஹைட்ரஜன் பற்றிய இத்தனை ஆண்டு ஆராய்ச்சியின் கஷ்டம் முழுவதும் அவன் உள்ளங்கையில் இருந்தது. ஹைட்ரஜன் பிறக்கும் பக்கம் உலோகத்துக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. ஆக்சிஜன் பிறக்கும் பக்கம்தான் உலோகத்தைத் தின்கிறது. தண்ணீரிலிருந்து ஒரு மூலக்கூறு ஆக்சிஜனைப் பிடுங்க நான்கு எலக்ட்ரான்களை உருவ வேண்டும். தண்ணீரிடமிருந்தே எலக்ட்ரானை உருவும் அந்த இடத்தில் நிற்கும் உலோகமும் தன் எலக்ட்ரானை இழக்கிறது. இழந்தால் ஒன்று துருவாக மாறும், அல்லது கரைந்து போகும். தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கலாம் என்று 1800-இல் இங்கிலாந்தில் நிக்கல்சனும் கார்லைலும் காட்டிவிட்டார்கள். பிரிப்பது அன்றே முடிந்த காரியம். அந்த இடத்தில் பத்தாண்டு நிற்கக்கூடிய, ஏழை நாடும் வாங்கக்கூடிய உலோகத்தைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நிற்கக்கூடிய உலோகம் ஒன்று இருக்கவே செய்கிறது. இரிடியம். அமிலச் சவ்வு வைத்த மின்னாற்பகுப்புக் கலங்களில் ஆக்சிஜன் பக்கத்தைத் தாங்குவது இரிடியம் ஆக்சைடுதான். 1803-இல் ஸ்மித்சன் டெனன்ட் கண்டுபிடித்தது. அதன் உப்புகள் பல நிறம் காட்டியதால் கிரேக்கரின் வானவில் தெய்வத்தின் பெயரை வைத்தார். உலகம் முழுவதும் ஆண்டுக்குக் கிடைப்பது 7 அல்லது 8 டன். அதுவும் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில், பிளாட்டினம் தோண்டும்போது கூடவே வருவது. இரிடியம் வேண்டும் என்பதற்காக யாரும் தனியாகச் சுரங்கம் வெட்டுவதில்லை. உலகத்துக்கே எரிபொருள் செய்ய இதை நம்பியிருப்பது, ஊர் முழுவதற்கும் ஒரே கிணறு வைத்திருப்பது போன்றது. ருத்தேனியம் இரிடியத்தைவிடச் சுறுசுறுப்பானது, விலையும் குறைவு. ஆனால் அந்த மின்னழுத்தத்தில் அது மேலும் மேலும் ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டு கரைந்து ஓடிவிடுகிறது. முதல் நாள் அள்ளிக் கொடுத்துவிட்டுக் காணாமல் போகிற வகை.

நான் எடுத்துக்கொண்டது காரக் கரைசல் வழி. அங்கே அமிலம் இல்லை, நிக்கல் தாங்கும். நிக்கல் அண்டை நாடான இந்தோனேசியாவில் உலகிலேயே அதிகமாக எடுக்கிறார்கள். இரும்பு எங்கும் கிடைக்கிறது. நிக்கலோடு இரும்பு சேர்ந்தால் ஆக்சிஜன் எளிதாகப் பிறக்கும் என்பது ஒரு வகையில் தற்செயலாக வெளிப்பட்ட உண்மை. கரைசலில் கலந்திருந்த மிகச் சிறிதளவு இரும்பு அழுக்கே நிக்கல் ஆக்சைடின் வேகத்தைக் கூட்டுகிறது என்று 1987-இல் காரிகன் என்ற ஆய்வாளர் காட்டினார். அதற்கு முன்பு நிக்கல் மின்கலம் செய்தவர்களுக்கு இரும்பு ஒரு தொல்லை. சார்ஜ் ஏறுவதற்குப் பதில் ஆக்சிஜனாகப் போய்விடும். ஒருவருக்குத் தொல்லையாக இருந்தது இன்னொருவருக்குத் தேடிய பொருளாயிற்று.

இதில் எதுவும் புதிதல்ல. என் துறையில் எல்லாரும் அறிந்தவை. ஆய்வுக்கட்டுரைகளில் பெரும்பாலானவை தம் தகடு முதல் நாளில் எவ்வளவு குறைந்த மின்னழுத்தத்தில் ஓடியது என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிடும். ஆயுள் கடைசிப் படத்தில் ஒரு மூலையில் இருக்கும்: 20 மணி நேரம், 50 மணி நேரம், நூறு வந்தால் பெருமை. நானும் அந்தப் பழக்கத்தில்தான் வளர்ந்தேன். என் 456 மணி நேரத்தை ஒரு வெற்றியாகவே நினைத்திருந்தேன். மின்னழுத்தக் கோடு சமதளமாகத் தெரிந்தது. 1.72-இலிருந்து 1.75, அது ஏற்றமா என்ன?

சனிக்கிழமை மதியம் திண்ணையில் உட்கார்ந்து அதை ஒழுங்காகக் கணக்குப் பார்த்தேன். 456 மணி நேரத்தில் 0.03 வோல்ட் ஏற்றம். மணிக்கு ஏறத்தாழ 66 மைக்ரோவோல்ட். தேய்மானம் இதே வேகத்தில் போனால் 80,000 மணி நேரத்தில் 5 வோல்ட்டுக்கு மேல் கூடிவிடும். 2 வோல்ட்டுக்குள் ஓட வேண்டிய கலம் அது. மின்னழுத்தம் 0.1 வோல்ட் கூடினாலே ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2.7 யூனிட் மின்சாரம் கூடுதலாகப் போகும். இப்போதே ஒரு கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் செலவாகிறது. அந்தச் செலவுதான் தூய ஹைட்ரஜனை விலையேற வைத்திருக்கிறது. படத்தில் சமதளமாகத் தெரிந்த கோடு உண்மையில் ஒரு மலை. நான் அதன் அடிவாரத்தில் பத்தொன்பது நாள் மட்டும் நடந்திருக்கிறேன்.

ஞாயிறு விடிகாலை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தலையில் விளக்கு, கையில் கத்தி, இடுப்பில் ஒட்டுப்பால் பை. ஐந்தரை மணி. பனி சொட்டிக்கொண்டிருந்தது. மரத்தடியில் நின்று, போன வெட்டின் கோட்டில் காய்ந்து ஒட்டியிருந்த பாலை நூல் போல உருவிப் பைக்குள் போட்டார். பிறகு கத்தியைக் கோட்டின் மேல்முனையில் வைத்து, முழங்கை அசையாமல், உடம்பையே மரத்தைச் சுற்றி நகர்த்தி ஒரே இழுப்பாகச் சீவினார். பட்டை ஒரு நாடாவாகச் சுருண்டு விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒன்றரை மில்லிமீட்டர் அகலம் இருக்கும், முனைக்கு முனை ஒரே சீராக. கோட்டில் வெள்ளைப் புள்ளிகள் அரும்பி, சேர்ந்து, பீலி வழியாக மங்கில், பால் பிடிக்கும் கிண்ணத்தில், சொட்டத் தொடங்கின.

“உள்ளே ஒரு தோல் இருக்கிறது” என்றார் அம்மா. “அதைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். தொடாமல் அதற்குக் கிட்டத்தில் போனால்தான் பால் வரும். புதிதாக வந்த பிள்ளைகள் ஆழமாக வெட்டுவார்கள். அன்றைக்கு மங்கு நிறைந்துவிடும். கணக்கெழுதும் கிராணி எடை போட்டுப் பார்த்துச் சந்தோஷப்படுவார். ஆறு மாதத்தில் அந்த நிரையே முண்டு முண்டாக நிற்கும்.”

விளக்கை மரத்தின் மறுபக்கம் திருப்பினார். பல ஆண்டுகளுக்கு முன் வெட்டி முடித்த பக்கம். அங்கே புதுப்பட்டை மூடியிருந்தது; இளஞ்சாம்பல் நிறம், குழந்தையின் முழங்கால் போல வழவழப்பு. தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

“நீ முதல் நாள் பாலைச் சொல்கிறாய். பட்டை எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்த்தாயா?”

நான் பார்க்கவில்லை. மின்னழுத்தத்தை மட்டும்தான் பார்த்தேன்.

அம்மாவின் கேள்வியை என் துறையிலும் கேட்டிருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. 2018-இல் ஜெர்மனியில் ஒரு ஆய்வுக் குழு ‘நிலைப்பு எண்’ என்ற அளவைக் கொண்டுவந்தது. வினை நடக்கும் தகடான மின்வாயிலிருந்து ஓர் இரிடியம் அணு கரைந்து போவதற்குள் எத்தனை ஆக்சிஜன் மூலக்கூறுகள் பிறக்கின்றன? அதுதான் அந்த எண். இத்தனை பட்டைக்கு இத்தனை பால். அதை நான் படித்திருந்தேன், மேற்கோளும் காட்டியிருந்தேன். ஆனால் ஈரப்பட்டையை விரலால் தொட்ட பிறகுதான் அது என்ன கேட்கிறது என்பது உறைத்தது. மின்னழுத்தம் என்பது மங்கில் உள்ள பால். பட்டை கடைசி இழைவரை தேய்ந்துகொண்டிருக்கும்போதும் பால் அதே அளவில் வரலாம். தேய்மானத்தைப் பார்க்க வேண்டுமானால் கரைசலில் எவ்வளவு உலோகம் இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நல்ல வேளையாக நான் தினமும் காலையில் ஒரு சிறு குப்பியில் கொஞ்சம் கரைசலை எடுத்துத் தேதி எழுதி வைத்திருந்தேன். பத்தொன்பது குப்பிகள். திங்களன்று அவற்றை அளக்கக் கொடுத்தேன். முடிவு வந்தபோது தெரிந்தது: முதல் வாரத்திலிருந்தே இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கோடு சமதளமாகத் தெரிந்த அந்த நாட்களில் பூச்சில் இருந்த இரும்பில் ஐந்தில் ஒரு பங்கு கரைசலுக்குப் போய்விட்டது. மின்வெட்டு அதைக் கொல்லவில்லை. ஏற்கெனவே மெலிந்திருந்ததைத் தள்ளிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் மரம் எனக்கு இன்னொன்றையும் சொல்லித்தந்தது. அம்மாவின் மரம் 20 ஆண்டுக்கு மேலாகப் பால் கொடுப்பது காயமே படாததால் இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கத்தி படுகிறது. ஆனால் வெட்டியதை மறுபடி மூடிக்கொள்கிறது. உலோகத்திலும் இப்படிச் செய்ய 2008-இல் எம்.ஐ.டி.யில் கேனனும் நோசெராவும் வழி காட்டினார்கள். கோபால்ட்டையும் பாஸ்பேட்டையும் தண்ணீரில் விட்டு மின்சாரம் கொடுத்தால், வினையை எளிதாக்கும் வினையூக்கித் தோல் தானாகவே மின்வாயில் படிந்தது. கரைந்து போன கோபால்ட் ஓட்டம் இருக்கும்வரை மறுபடி வந்து ஒட்டிக்கொள்வதை 2009-இல் நோசெராவின் குழு காட்டியது. நிக்கல் இரும்புக்கும் 2020-இல் இதுபோன்ற ஒரு முடிவு வெளிவந்தது: தோலிலிருந்து இரும்பு போய்க்கொண்டே இருக்கும், கரைசலில் மிகச் சிறிதளவு இரும்பு இருந்தால் அது வந்துகொண்டும் இருக்கும், போக்கும் வரவும் சமமானால் வினை குறையாது. நான் அதற்கு நேர்மாறாகச் செய்திருந்தேன். அளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்று கரைசலில் இருந்த இரும்பை முழுக்கச் சுத்திகரித்துவிட்டுத் தொடங்கினேன். பட்டை மூடுவதற்கு மரத்திடம் ஒன்றுமே விட்டுவைக்கவில்லை.

ஓரிடத்தில் மரமும் உலோகமும் பிரிகின்றன. அதுதான் எனக்கு இப்போது முக்கியம். மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவார்கள். ஓய்வு நாளில் அது தேறிக்கொள்ளும். தகட்டுக்கு ஓய்வு ஆகாது. மின்னோட்டம் நின்றவுடன் தகட்டைப் பிடித்து வைத்திருந்த நிலை மாறுகிறது. தோலில் சேர்ந்திருந்த மின்னூட்டம் இறங்குகிறது, இரும்பு கரைகிறது. பல கலங்களை அடுக்கிய பெரிய அடுக்குகளில் மின்னோட்டம் பின்பக்கமாகவும் பாய்ந்து ஹைட்ரஜன் பக்கத்து நிக்கலையும் ஆக்சைடாக்கும். நின்று நின்று தொடங்குவது ஓயாமல் ஓடுவதைவிடக் கொடியது.

சூரிய ஒளி நின்று நின்றுதான் வரும். கோலக்கெட்டில் பக்கம் 50 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஒன்று இருக்கிறது. மதியம் மேகம் கவிந்தால் அதன் உற்பத்தி நிமிடத்தில் சரியும். மாலையானால் வெயிலே இருக்காது. சரவாக்கின் நிலைமை வேறு. கூச்சிங்கில் 2019-லேயே ஹைட்ரஜன் தயாரித்துப் பேருந்துகளுக்கு நிரப்பும் நிலையம் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு 2,400 மெகாவாட் பாக்குன் அணை இருக்கிறது, ஆறு இரவிலும் ஓடும். தீபகற்பத்தில் தோட்டத்து மண்ணில் விழுகிற வெயிலை ஹைட்ரஜனாக்க வேண்டும் என்றால் தினம் மாலை நின்று தினம் காலை எழுகிற தகடுதான் வேண்டும். ஆண்டுக்கு 365 முறை. அப்படிச் சோதிக்காத ஆயுளை நம் ஊருக்கான ஆயுள் என்று நான் இனி எழுத மாட்டேன்.

எதற்காக இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு நான் யூரியா மூட்டையைக் காட்டுவேன். அப்பா செம்பனைக்கு உரம் போடும் வேலையில் இருந்தார். தோளில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கும். யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும், அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். எங்கள் ஊருக்கு வடக்கே குரூணில் இருக்கும் உர ஆலை இயற்கை எரிவாயுவிலிருந்து அதைச் செய்கிறது. உலகில் பெரும்பாலும் இதே வழிதான். 2023-இல் உலகம் பயன்படுத்திய ஹைட்ரஜன் ஏறத்தாழ 97 மில்லியன் டன். அதில் தூய வழியில் வந்தது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் 9, 10 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. ஹைட்ரஜனில் ஓடும் கார் வரட்டும், வராமல் போகட்டும். சோற்றுக்கும் எண்ணெய்க்கும் பின்னால் ஏற்கெனவே நிற்கிற இந்த ஹைட்ரஜனைச் சுத்தமாக்குவதே போதுமான வேலை என்பது என் கருத்து.

இப்போது மேசையில் இரண்டு கலங்கள் இருக்கின்றன. ஒன்றில் சுத்திகரித்த கரைசல். இன்னொன்றில் அளந்து சேர்த்த துளி இரும்பு. இரண்டையும் மாலை 7 மணிக்கு நானே நிறுத்துகிறேன், காலை 7 மணிக்குத் தொடங்குகிறேன். அடுத்ததாக மூன்றாவது கலம் ஒன்று வைக்கப்போகிறேன். பெரிய ஆலைகளில் செய்வது போல, இரவில் முழுவதும் அணைக்காமல் ஒரு சிறு காப்பு மின்னோட்டம் கொடுத்துவைத்தால் என்ன ஆகிறது என்று பார்க்க.

நேற்று பன்னிரண்டாவது நிறுத்தம். இரும்பு சேர்த்த கலம் 1.73 வோல்ட். சேர்க்காத கலம் 1.79. இரவு அம்மா போன் செய்தபோது இரண்டு எண்களையும் சொன்னேன்.

“அது பால்” என்றார் அம்மா. “பட்டை?”

குப்பிகளைத் திங்கட்கிழமை அனுப்புகிறேன் என்றேன். இருபத்துநான்கு குப்பிகள், மேசை ஓரத்தில், தேதி வாரியாக வரிசையில் நிற்கின்றன.